ஊட்டிக் குளிரும் மூடிய ஜன்னலும்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், நீலகிரியைப் பற்றி எல்லாப் பத்திரிகையிலும் ஒரே படம்தான். தலைக்குந்தா புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும். ராத்திரி வெளியே நிறுத்திய காரின் கூரையில் படிந்த உறைபனியில் யாராவது பெயர் எழுதிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் குல்லாவும் மப்ளருமாய், சுள்ளி மூட்டிக் குளிர் காயும் நாலு பேர். கீழே ‘உறைபனியால் இயல்பு வாழ்க்கை பாதிப்பு’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று எழுத வேண்டும் என நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரி. கல்யாணமாகி, குந்தா தாலுகாவில் மஞ்சூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்புக்கு வந்தேன். மலையடிவாரத்திலேயே வளர்ந்திருந்தாலும் குளிர் என்றால் கோடை விடுமுறையில் போய்வரும் இதமான ஊட்டிக் குளிர்தான் எனக்குத் தெரியும். என் மாமியாருக்கு அப்படியில்லை. அவர் பிறந்ததே குளிரில். இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவராக, எழுபதுகளில் சிறுமியாய்த் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். ஒரு குளிரிலிருந்து இன்னொரு குளிர். இன்றைக்கும் பால் கலக்காத தேநீரை அவர் ‘பிளேன்டீ’ என்றுதான் கேட்பார். குளிரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. மீதி, அங்கன்வாடி வேலையில் கிராம சுகாதார செவிலியர்களிடம் கற்றது.

முதலில் உறைபனியைச் சொல்லிவிடுகிறேன். மேகம் மூடிய ராத்திரி எங்களுக்குப் பயமில்லை. வானம் துடைத்துவிட்டது போல் தெளிந்து, நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் ராத்திரிதான் பயம். பகலெல்லாம் மண் வாங்கி வைத்த சூடு, தடுக்க மேகம் இல்லாததால் அப்படியே வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் மெதுவாக வழிந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதனால் மேட்டில் இருக்கும் செடி தப்பிக்கும், பள்ளத்தில் இருக்கும் தேயிலை கருகிப்போகும். வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே புல்லில் பனி உறைந்திருப்பதைப் பார்க்கலாம். வெப்பமானி ஆளின் இடுப்புக்கு மேலே தொங்குகிறது, தரை அதைவிடச் சில்லிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் போட்டு மூடி வைப்பதும் இதனால்தான். வேறு ஒன்றுமில்லை, ஒரு செடியின் கிளைகள்தான். சூடு மேலே ஓடாமல் அவை மறித்துக்கொள்ளும்.

செடிக்கு மிலார் போடுகிறோம். ஆளுக்கு?

தோட்டத்து லைன் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? வரிசையாக ஒட்டினாற்போல் கட்டிய வீடுகள். பெரும்பாலும் மேலே தகர ஷீட் அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே சிமென்ட் தரை, நடுவே உட்கூரை எதுவும் கிடையாது. பாயில் படுத்து அண்ணாந்தால் நேராக ஷீட்தான் தெரியும். ராத்திரி ஷீட்டின் உட்பக்கம் மூச்சுக்காற்று பட்டு நீர்த்துளி கோத்து, விடிகாலையில் கம்பளி மேல் சொட்டும். அதே மலையில் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் ஒவ்வொரு அறையிலும் ஒரு கணப்பு இருக்கும், அதற்கு மேலே புகைபோக்கி இருக்கும். லைன் வீடு கட்டியவர்கள் கணப்பும் வைக்கவில்லை, புகைபோக்கியும் வைக்கவில்லை. ஆனால் குளிர் இரண்டு கூரைக்கும் ஒன்றுதானே? அதனால் எங்கள் ஜனங்கள் கணப்பைத் தாங்களாகவே செய்துகொண்டார்கள். பழைய இரும்புச் சட்டியிலோ காலி பெயின்ட் டப்பாவிலோ அடுப்புக் கரியைப் போட்டு, வாசலில் வைத்து ஊதி, புகை அடங்கிக் கங்கு சிவந்ததும் உள்ளே தூக்கி வந்து, கதவு ஜன்னல் இடுக்கில் எல்லாம் துணியை அடைத்துவிட்டுப் படுப்பது. புகைபோக்கி மட்டும் இல்லாத கணப்பு. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்தச் சட்டிக்காகத்தான்.

புகை நின்றுவிட்டால் ஆபத்தும் போய்விட்டது என்று எல்லாரும் நம்புகிறார்கள். படித்தவர்களும்தான். கண்ணைக் கரிக்கும் புகை போய்விட்டது, உண்மை. ஆனால் சிவந்த கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, மூக்கையோ தொண்டையையோ உறுத்தாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிஜனுக்கு ஏறி உட்கார இடம் இருக்காது. மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியது போகாது. தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இது எதுவுமே தெரியாது, தூக்கம் ஆழமாகிக்கொண்டே போகும்.

எங்கள் வரிசையிலேயே நடந்தது. நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒரு ஜனவரிக் காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். “தலை விண்ணுவிண்ணுனு தெறிக்குது, பித்தம் ஏறிடுச்சு போல, பேத்தியும் வாந்தி எடுக்கிறா” என்றார். முந்தின ராத்திரி மீன் குழம்பு, அதுதான் சேரவில்லை என்று அவரே காரணமும் சொன்னார். உள்ளே போய்ப் பார்த்தால் மகன் எழுந்திருக்கவே இல்லை, கூப்பிட்டதற்கு வாய் குழறுகிறது. மூலையில் சட்டி, சாம்பலுக்கு அடியில் இன்னும் கங்கு. என் கணவர் சட்டியைத் தொடக்கூட இல்லை. கதவை அகலத் திறந்துவிட்டு, ஆளைத் தூக்கி வாசலில் போட்டார். அப்புறம்தான் மற்றதெல்லாம். 108 வந்தது. மருத்துவமனையில் விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 98 என்று காட்டியது. நல்லாத்தானே இருக்கு என்று நாங்கள் நினைக்க, அங்கிருந்த செவிலியர் அந்த எண்ணைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்த்து, “ராத்திரி வீட்டுக்குள்ள அடுப்பு வெச்சீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் அடுத்த நிமிடமே ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள்.

அந்தச் செவிலியர் அன்றைக்குச் சொன்னதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விரல் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுமே சிவப்பு. அதனால் எண்ணை நம்பக் கூடாது. நம்ப வேண்டியது சூழ்நிலையை. ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், காய்ச்சல் இல்லை, வெளியே வந்து காற்று பட்டால் கொஞ்சம் தெளிகிறது, இப்படி இருந்தால் பித்தம் என்றோ சாப்பாடு என்றோ நினைக்காதீர்கள். வெளியே வந்துவிடுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள், ‘கரி வைத்திருந்தோம்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியே முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் ‘வெளியே வந்தாச்சு, சரியாயிடும்’ என்று வீட்டிலேயே படுத்துக்கொள்வதும் தப்பு.

‘ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டால் சரிதானே?’ என்று கேட்பார்கள். இல்லை. தூங்கும் அறைக்குள் கரி எந்த வகையிலும் கூடாது. வாசலில் எல்லாரும் உட்கார்ந்து குளிர் காயுங்கள், பேசுங்கள், கை கால் சூடேறட்டும், உள்ளே வரும்போது சட்டி வெளியிலேயே இருக்கட்டும். சுற்றுலா வருபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை எடுத்துத் தங்கி, வெளியே கோழி சுட்ட அடுப்பைக் குளிருக்காக உள்ளே கொண்டுபோய் வைத்துத் தூங்கியவர்கள் விடிந்து எழுந்திருக்காத செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். கூடாரத்துக்குள்ளும் அப்படியே. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும் இதே வாயுவைத்தான் கக்கும்.

அப்படியென்றால் ராத்திரிக் குளிருக்கு என்னதான் செய்வது? என் மாமியாரின் வழி சுலபமானது. அறையைச் சூடாக்க அவர் மெனக்கெடுவதே இல்லை, ஆளைச் சூடாக்குவார். ஷீட் கூரை வீட்டில் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் சூடு மேலே போய் ஷீட் வழியே வெளியேறிவிடும். உடம்பு தானே ஒரு அடுப்பு. அது உண்டாக்கும் சூட்டை விடாமல் பிடித்து வைத்தால் போதும்.

பிடித்து வைப்பது துணியல்ல, துணிக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்று. அதனால் ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, உடம்போடு ஒட்டிய பனியன், மேலே ஒரு முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், காற்றடிக்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜெர்கின் என்று போடுவதுதான் சரி. இறுக்கமாகப் போட்டால் நடுவில் காற்றுக்கு இடமில்லை. சாக்ஸும் அப்படித்தான்; இரண்டு சாக்ஸை இறுக்கி மாட்டிக்கொண்டு கால் மரத்துப்போனது என்பவர்கள் நிறையப் பேர். பருத்தி நனைந்தால் குளிரைக் கூட்டும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு காப்பாற்றும். தோட்டத்தில் இலை பறிக்கப் போகிறவர்களுக்கு இது முக்கியம். விடிகாலைத் தேயிலைச் செடி முழுக்க நீர்ப்பனி. இடுப்புவரை நனைந்துவிடும். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டுதான் செடிக்குள் இறங்குவார்கள். வீடு வந்ததும் முதல் வேலை ஈரத்துணியை மாற்றுவது, அப்புறம்தான் தேநீர்.

இந்த மலையின் பழங்குடிகளான தொதவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளியைத் தொட்டுப் பார்த்தால் இந்தச் சூட்சுமம் விரலுக்கே தெரியும். கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாய் நூல் வேலை. உடம்பு முழுக்கச் சுற்றிப் போர்த்தினால் உள்ளே ஒரு காற்றறை மாதிரி நிற்கும். அந்த எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மலையில் எங்களுக்கெல்லாம் முன்பிருந்தே வாழ்கிறவர்கள். குளிரை எப்படிப் போர்த்திக்கொள்வது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கம்பளி விஷயத்தில் எல்லாரும் மறப்பது கீழ்ப்பக்கம். மேலே மூன்று போர்வை போட்டுக்கொண்டு, அடியில் ஒரு பாய் மட்டும் விரித்துச் சிமென்ட் தரையில் படுத்தால், ராத்திரி முழுக்கத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். மாமியார் முதலில் சாக்கு விரிப்பார், அதன்மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுவார், அப்புறம் பாய், அப்புறம் ஒரு பழைய கம்பளி. மேலே இரண்டு போர்வை இருந்தால் தாராளம். மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கும், அதுவும் இந்த மலையின் குணம்தான். அந்த நேரத்தில் எல்லாக் கம்பளியையும் வேலியில் போட்டுவிட வேண்டும். ராத்திரி மூச்சிலும் வேர்வையிலும் சேர்ந்த ஈரம் போய்விடும். வெயில் சாய்வதற்குள் எடுத்து மடித்துவிட வேண்டும், நாலு மணி தாண்டினால் மறுபடி ஈரம் இறங்கும். படுப்பதற்கு முன் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தால் போதும், உள்ளே நுழையும்போதே இதமாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஆள் படுக்கும் முன் பையை எடுத்துவிடுவது நல்லது. சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

வெறும் வயிற்றோடு படுத்தால் குளிரும். எரிபொருள் இல்லாமல் எந்த அடுப்பும் எரியாது. களியோ, அவரை போட்ட குழம்போடு சுடுசோறோ எதுவானாலும் ராத்திரிச் சாப்பாடு சூடாகவும் நிறைவாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க யாருக்கும் தோன்றாது, ஆனால் குளிரில் சிறுநீர் அதிகம் போகும், காற்றும் வறண்டிருக்கும். சுடுநீர் ஒரு பிளாஸ்க்கில் பக்கத்தில் இருக்கட்டும். சாராயம் குளிருக்கு நல்லது என்கிற பேச்சை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குடித்ததும் தோலுக்கு அடியில் ரத்தக் குழாய் விரிகிறது, அதனால் சூடாகத் தெரிகிறது. உள்ளே இருந்த சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். குடித்துவிட்டு வெளியில் விழுந்து கிடப்பவரை உறைபனி ராத்திரி விட்டுவைக்காது.

இனி நோய். குளிர் நேராகச் சளியைக் கொண்டுவருவதில்லை; வைரஸ் கொண்டுவருகிறது. ஆனால் குளிர்காலம் அதற்கு எல்லா வசதியும் செய்து கொடுக்கிறது. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் 37 டிகிரியைவிட, குளிர்ந்த மூக்கின் 33 டிகிரியில் நன்றாகப் பெருகும். ஃப்ளூ வைரஸ் குளிர்ந்த வறண்ட காற்றில் சுலபமாகப் பரவும். 2007இல் கினிப் பன்றிகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில் இதைத் தெளிவாகக் கண்டார்கள். இதோடு நாம் செய்யும் காரியம் ஒன்று இருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர், ஜன்னல் மூடி, இடுக்கில் துணி அடைத்து, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க. அந்த வீட்டில் ஒருவருக்கு இருமல் வந்தால் அடுத்த வாரத்துக்குள் எல்லாருக்கும் வரும். அறையை விட்டு ஆளைச் சூடாக்குங்கள் என்று கரிச் சட்டிக்குச் சொன்னதேதான் இதற்கும். ஜன்னலை மூட வேண்டியது குளிருக்காக என்றால், ஆளைப் போர்த்திவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மத்தியான வெயில் நேரத்திலாவது கதவு ஜன்னல் எல்லாம் அகலத் திறந்து கிடக்கட்டும்.

அங்கன்வாடியில் டிசம்பர் முதல் மார்ச் வரை மூக்கொழுகாத பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். இந்தியாவில் ஃப்ளூ இரண்டு முறை தலைதூக்கும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒரு முறை, மழைக்காலத்தை ஒட்டி ஒரு முறை. தாய்மார்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “டீச்சர், எந்த டானிக் வாங்கட்டும்?” இருமல் டானிக்கைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த இருமல் மருந்தைக் குடித்துப் பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சாதாரணச் சளி இருமலுக்காகக் கொடுத்த மருந்து. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சளிப் பிடித்த பிள்ளைக்கு வேண்டியது ஓய்வு, வெதுவெதுப்பான கஞ்சி, பால் குடிக்கும் குழந்தையென்றால் அடிக்கடி தாய்ப்பால், மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து. ஒரு வயது தாண்டியிருந்தால் படுக்கும் முன் ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம், ராத்திரி இருமல் கொஞ்சம் தணியும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். சளிக்குப் பின் இருமல் இரண்டு மூன்று வாரம்கூட நீடிக்கும், அதற்காகக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதால் பிரயோஜனமில்லை. வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று செவிலியர் சொல்லிக் கொடுத்த முறை ஒன்று இருக்கிறது. பிள்ளை அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது கூடாது. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

ஆவி பிடிப்பதைப் பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கும். மூக்கடைப்புக்குச் சற்று நேரம் சுகமாக இருக்கலாம், நோயைச் சீக்கிரம் விரட்டுவதில்லை. பிள்ளைகளைக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வைக்குள் உட்கார வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். குழந்தை கொஞ்சம் உதறினால் போதும், மடியில் வெந்நீர். பெரியவர்கள் பிடிப்பதென்றால் பாத்திரம் மேசைமேல் அசையாமல் இருக்கட்டும்.

நீலகிரித் தைலமும் அப்படித்தான். தைலம் தரும் மரத்துக்கே ஒரு குளிர்காலக் கதை இருக்கிறது. யூகலிப்டஸ் இந்த மண்ணின் மரமில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஊட்டியின் பங்களாக் கணப்புகளுக்கும் சமையலுக்கும் விறகு விறகு என்று சோலைக்காடுகளை வெட்டித் தீர்த்த பிறகு, சீக்கிரம் வளரும் விறகு வேண்டும் என்று இதை மலை மலையாக நட்டார்கள். சோலை இருந்த இடத்தில் நின்ற தண்ணீர் இப்போது நிற்பதில்லை என்று இங்கே எந்த வயசாளியைக் கேட்டாலும் சொல்வார்கள். இலையைக் காய்ச்சித் தைலம் எடுப்பது அதன் பின்னால் வந்தது. கை கால் வலிக்குப் பெரியவர்கள் தேய்த்துக்கொள்ளட்டும். ஆனால் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் அந்தப் பாட்டில் இருக்கக் கூடாது. சில மில்லி உள்ளே போனாலே சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். கற்பூரத்துக்கும் இதே பயம்தான். கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ இரண்டையும் தடவாதீர்கள்.

வயசானவர்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது சளியைவிட ரத்த அழுத்தத்தைப் பற்றி. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். பனிக் காலையில் ஐந்து மணிக்கே நடக்கக் கிளம்பும் பழக்கத்தை இந்த மூன்று மாதமாவது விட்டுவிட்டு, வெயில் வந்த பிறகு நடக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைக் குளிர்காலத்தில் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆஸ்துமா இழுப்பு உள்ளவர்கள் வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகிப் போகும். மாமியாருக்கு இன்ஹேலரோடு இதுவும் சேர்ந்துதான் குளிர்காலம் கழிகிறது. ஃப்ளூ தடுப்பூசி அரசின் வழக்கமான பட்டியலில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஆனாலும் இழுப்பு, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது, ஒவ்வொரு வருடமும்.

இன்னொன்று: வயசானவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தால் போர்த்தலாம், சூடாக ஏதாவது கொடுக்கலாம். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, ஏதோ மந்தமாக இருந்தால் அது தேறிவிட்டதன் அடையாளமில்லை. உடம்பின் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். ஈரத்துணி இருந்தால் மாற்றி, தலை முதல் கால் வரை போர்த்தி, 108ஐக் கூப்பிடுங்கள். கை காலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்பின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

இவ்வளவும் வீட்டுக்குள் நாமே செய்துகொள்ளக் கூடியவை. ஆனால் போர்த்திக்கொண்டே எத்தனை காலம் இருப்பது? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க குடை, கம்பளி, மழைக்கோட்டு கொடுக்க மாநில அரசு விதி செய்யலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். குளிர் தொழிலாளியின் சொந்தப் பிரச்சினை இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தது. இன்றைக்கு நான் கேட்பது கம்பளிகூட இல்லை. ஷீட்டுக்குக் கீழே ஒரு உட்கூரை. பலகையோ, தெர்மாகோல் வைத்த பால்ஸ் சீலிங்கோ எதுவானாலும் சரி. எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்காரர் தன் செலவில் போட்டார். அந்த வீட்டில் இப்போது ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவதில்லை, கரிச் சட்டியும் உள்ளே போவதில்லை. ஒரு தோட்டத்துக்கு மொத்தமாகப் போட்டால் என்ன பெரிய செலவு வந்துவிடப் போகிறது?

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை வாடகைக்கு விடுபவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒன்றை மாட்டுங்கள். சாவி கொடுக்கும்போது, ‘அடுப்பை அறைக்குள் கொண்டு போகாதீர்கள்’ என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பார்பிக்யூ அடுப்பு வாடகைக்குக் கொடுப்பவர்கள் கங்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு, அடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போங்கள். அறையில் ஆளுக்கு இரண்டு கம்பளி கூடுதலாக மடித்து வையுங்கள். கீழிருந்து வருபவர்கள் கரி கேட்பது குளிர் தாங்காமல்தான்.